குதிரையைக் கழுதையாக்குற லென்ஸ்

கொஞ்சம் கடுப்புல எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

குதிரையை போன்ல கிட்டப் போய் படம் எடுக்குறவங்களை யாராவது தடுக்கணும். போன வாரம் எங்க குடும்ப வாட்ஸப் குரூப்புல ஒரு படம் வந்துச்சு. கடலூர் சில்வர் பீச், சாயங்காலம், குதிரை மேல அண்ணன் பொண்ணு. புள்ள அழகா சிரிக்குது. ஆனா குதிரை? தலை இருக்கு, அப்புறமும் தலை இருக்கு, அதுக்குப் பின்னாடி கொஞ்சூண்டு உடம்பு. கால் நாலும் எங்கயோ கீழ சுருங்கிக் கிடக்கு.

அம்மா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுப் பார்த்தாங்க. "ஏன்டி, உங்கண்ணன் புள்ளையைக் கழுதை மேலயா ஏத்தி உக்கார வெச்சிருக்கான்?"

அந்தக் குதிரையை எனக்குத் தெரியும். நல்ல உசரம், நேரான முதுகு, நடந்தா ஒரு மிடுக்கு. அதுக்குப் போய் இந்த கதியா!

மாணிக்கவாசகர் கதை தெரியும்ல? பாண்டிய ராஜா குதிரை வாங்கக் கொடுத்த காசை கோயிலுக்கு செலவு பண்ணிட்டு மாட்டிக்கிட்டார். அவருக்காக சொக்கநாதர் நரியைப் பரியாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினார். கடைசியில மாணிக்கவாசகர் வந்து இறைவனோட கலந்தது நம்ம சிதம்பரத்துல. அந்தக் கதையில நரி பரி ஆச்சு. எங்கண்ணன் போன்ல பரி கழுதை ஆயிடுச்சு.

சரி, ஏன் இப்படி ஆகுது?

எல்லாரும் "போன் லென்ஸ் சரியில்ல"ம்பாங்க. லென்ஸ் மேல தப்பே இல்லைங்க. நாம நிக்குற இடம்தான். சும்மா ஒரு கணக்கு போடுவோம். குதிரை மூக்குல இருந்து வால் வரைக்கும் ஒரு எட்டடின்னு வெச்சுக்கோங்க. மூக்குக்கு நாலடி முன்னாடி நின்னு எடுத்தா, வால் உங்ககிட்ட இருந்து பன்னெண்டு அடி. அதாவது பின்பக்கத்தை விட மூக்கு மூணு மடங்கு பெருசா விழும். அதே குதிரையை 40 அடி தள்ளி நின்னு எடுங்க. மூக்கு 40 அடி, வால் 48 அடி. வித்தியாசம் 1.2 மடங்குதான். குதிரை குதிரையாவே இருக்கும்.

ஆனா 40 அடி தள்ளி நின்னு போன்ல எடுத்தா குதிரை எறும்பு சைஸுக்கு வரும். அங்கதான் லென்ஸ் வேலைக்கு வருது. தூரமா நிக்குறதுக்கு ஒரு அனுமதிச்சீட்டு, அவ்வளவுதான் டெலி லென்ஸ். அதனால குதிரைக்கு லென்ஸ் வாங்கணும்னு கேக்குறவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணே ஒண்ணு: எத்தனை அடி தள்ளி நிக்கப் போறீங்க?

(தூரத்தை வெச்சு காரியம் பண்றது எங்க ஊருக்குப் புதுசில்ல. சில்வர் பீச் இருக்கிற இதே தேவனாம்பட்டினத்துல உள்ள செயின்ட் டேவிட் கோட்டையை 1690ல இங்கிலீஷ்காரன் மராத்தியர்கிட்ட இருந்து வாங்கினான். கோட்டையோட சேர்த்து, பீரங்கியில சுட்டா குண்டு எவ்வளவு தூரம் போய் விழுதோ அதுவரைக்கும் உள்ள நிலமும் அவனுக்குன்னு பேச்சு. எல்லாப் பக்கமும் சுட்டு எல்லை போட்டான். அப்படிப் போன ஊர்களுக்கு குண்டு கிராமம்னே பேர். கில்லாடிங்க, நல்ல பீரங்கியா பார்த்துதான் எடுத்திருப்பான்.)

இனி என்கிட்ட இருக்கிறது, கடன் வாங்கினது, வாடகைக்கு எடுத்ததுன்னு பீச்சுல போட்டுப் பார்த்த கதைக்கு வரேன். என் கேமரா கேனன், கிராப் சென்சார். ஃபுல் ஃப்ரேம் வெச்சிருக்கிற பணக்காரங்க இந்த மில்லிமீட்டரை எல்லாம் 1.6 ஆல பெருக்கிக்கோங்க.

குதிரையும் மேல ஆளும், சுத்தி கொஞ்சம் இடமும் விட்டு ஃப்ரேமுல அடங்கணும்னா ஏறக்குறைய 13 அடி அகலம் வேணும். கேமராவோட வர்ற கிட் லென்ஸை 18 எம்.எம்.ல வெச்சா அதுக்குப் பத்தடியில நிக்கணும். பத்தடின்னா என்ன? குதிரைக்காரர் கத்துற தூரம். "அக்கா, பின்னாடி போவாதீங்க, ஒதைச்சிடும்!" அவர் சொல்றது சும்மா இல்ல. குதிரைக்கு நேர் பின்னாடி கண்ணு தெரியாது, சத்தம் கேட்டா காலைத் தூக்கிடும். படமும் கழுதை, உடம்பும் ஆஸ்பத்திரி. 18 வேணாம்.

50 எம்.எம். எஃப் 1.8. எல்லார் வீட்டுலயும் ஒண்ணு இருக்கும். 160 கிராம்தான், சட்டைப் பையில போட்டுக்கலாம். இதுல சுமார் 30 அடி. குழந்தையை ஏத்திட்டு குதிரைக்காரர் கயித்தைப் பிடிச்சு நடத்திட்டுப் போற சவாரிக்கு இது தாராளமா போதும். இருட்டுற நேரத்துலயும் கை கொடுக்கும். வம்பு எங்க வருதுன்னா, சவாரி முடிஞ்சு கடைசியில குதிரைக்காரப் பையன் ஒருத்தன் தாவி ஏறி அலையோரமா ஒரு ஓட்டம் விடுவான் பாருங்க, அப்ப. முப்பதடியில இருந்த குதிரை நாலு செகண்டுல நூறடிக்கு அந்தாண்ட. 50ஐ வெச்சுக்கிட்டு மணல்ல நாமளும் பின்னாடி ஓட வேண்டியதுதான். ஜூம் இல்லாத லென்ஸுக்கு காலே ஜூம்னு சொன்ன மகராசன் கடற்கரை மணல்ல செருப்போட ஓடிப் பார்த்திருக்க மாட்டான்.

அடுத்தது 55-250. இதைப் பத்தி பேசுனா நான் நிறுத்த மாட்டேன், முன்கூட்டியே சொல்லிட்டேன்.

பிளாஸ்டிக் உடம்பு, 375 கிராம், யாரும் திரும்பிப் பார்க்காத தோற்றம். 250ல வெச்சா சுமார் 150 அடி தள்ளி நிக்கலாம். குதிரைக்கு நீங்க இருக்கிறதே தெரியாது. குதிரைக்காரருக்கும் தெரியாது. அவர் பாட்டுக்கு பிடரியைக் கோதி விட்டுக்கிட்டு, சேணத்து வாரை இழுத்துக் கட்டிக்கிட்டு, காதுகிட்ட என்னமோ பேசிக்கிட்டு இருப்பார். பக்கத்துல போனா "எடுக்கா, எடுக்கா"ன்னு விறைச்சு நிப்பார். தூரத்துல இருந்தாத்தான் உள்ளது உள்ளபடி வரும்.

குதிரை ஓடி வரப்ப 250, கிட்ட நெருங்க நெருங்க 100, பக்கத்துல வந்துடுச்சுன்னா 55. ஒரே லென்ஸ். பீச்சுல லென்ஸ் மாத்துற வேலையே இல்ல (அது கூடவே கூடாது, அந்தக் காத்துக்கு சென்சார் மேல மணல் அப்பிடும்).

இதோட குறை ஒண்ணே ஒண்ணு, வெளிச்சம். 250ல எஃப் 5.6க்கு மேல திறக்காது. அஞ்சு மணிக்கு ராஜா. ஆறு மணிக்கு பிச்சைக்காரன்.

ஏன்னு கேளுங்க. கொஞ்சம் வேகமா பாய்ச்சல்ல போற குதிரை மணிக்கு 20 கிலோமீட்டர் போகுதுன்னு வைங்க. ஷட்டர் 250ல ஒரு பங்கு செகண்ட் திறந்திருந்தா அதுக்குள்ள குதிரை ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல நகர்ந்திடும். கண்ணு, கடிவாளம், பிடரி மயிர் எல்லாம் மெழுகின மாதிரி ஆயிடும். ஆயிரத்துல ஒரு பங்குன்னா அரை சென்டிமீட்டர்தான், பரவாயில்ல. குளம்பு உடம்பை விட வேகமா போகும், அது லேசா கலங்கும், கலங்கட்டும், அழகுதான். ஆறு மணிக்கு எஃப் 5.6ல ஆயிரத்துல ஒரு பங்கு வேணும்னா ஐ.எஸ்.ஓ.வை ஏத்தணும். ஏத்தினா குதிரை உடம்பு பூரா புள்ளி புள்ளியா வரும். வெள்ளைக் குதிரை புள்ளிமான்.

இங்க எல்லாரும் ஒரு கேள்வி கேப்பீங்க. "அதான் லென்ஸுல ஐ.எஸ். இருக்கே, ஆடாம எடுக்குமே?" ஐயா, அது உங்க கை ஆடுறதைத்தான் நிறுத்தும். குதிரை ஆடுறதை நிறுத்தணும்னா குதிரைக்காரர்கிட்டதான் சொல்லணும்.

அப்போ அந்தப் பெரிய வெள்ளை லென்ஸு? 70-200, எஃப் 2.8. யூடியூப்ல எவன் வாயைத் திறந்தாலும் அதான். நானும் வாடகைக்கு எடுத்துப் போட்டுப் பார்த்தேன். உண்மையைச் சொல்லணும், படம்னா படம்! எஃப் 5.6ஐ விட நாலு மடங்கு வெளிச்சம் உள்ள வருது. அங்க 250ல ஒரு பங்கு கிடைச்ச நேரத்துல இங்க ஆயிரத்துல ஒரு பங்கு. ஃபோகஸ் டக்குனு பிடிக்குது. பின்னாடி பஜ்ஜிக் கடை, பலூன் சுடுற பலகை, ஐஸ்கிரீம் வண்டி எல்லாம் கரைஞ்சு காணாமப் போகுது.

ஆனா ஒண்ணரைக் கிலோ. கேமராவோட சேர்த்தா ரெண்டு கிலோவைத் தாண்டும். ஒரு சாயங்காலம் பூரா தூக்கிப் பிடிச்சுட்டு வந்து ராத்திரி தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியல. அதை விடுங்க. அந்த வெள்ளைக் கலரைப் பார்த்ததும் பீச்சுல பாதிப் பேர் வந்துட்டாங்க. "எந்த சேனல் மேடம்?" "படம் ஷூட்டிங்கா?" "எம் பையனை ஒண்ணு எடுங்களேன்." ஒரு பெரியவர் வந்து, அவங்க தெருவுல சாக்கடை அடைச்சுக்கிட்டு நிக்குறதை டிவியில போடச் சொன்னார். 120 அடி தள்ளி யாருக்கும் தெரியாம நிக்குறதுக்குத்தானே லென்ஸு வாங்குறோம்? இது தேரை இழுத்துட்டு வந்த கதையா இல்ல இருக்கு!

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க. 2.8ல திறந்து வெச்சு, குதிரை நேரா நம்மளைப் பார்த்து வரப்ப 50 அடியில எடுத்தா, தெளிவா விழுறது மொத்தமே ரெண்டடி ஆழம்தான். குதிரை மூக்குக்கும் மேல உக்காந்திருக்கிற ஆள் முகத்துக்கும் நடுவுல அதை விட அதிகமா இடைவெளி இருக்கு. ரெண்டுல ஒண்ணுதான் தெளிவா வரும். குதிரையா, ஆளான்னு நீங்கதான் முடிவு பண்ணணும் (நான் எப்பவும் குதிரை). நூறடிக்கு மேல போயிட்டா இந்தத் தொல்லை இல்ல.

லென்ஸை விட்டுட்டு, காசில்லாம ஆகுற சமாச்சாரம் ஒண்ணு சொல்றேன். உக்காருங்க. நிஜமாவே, மணல்ல உக்காருங்க.

சமதரையில நம்ம கண்ணு எந்த உசரத்துல இருக்கோ, கடலோட அடிவானக் கோடு குதிரையை அதே உசரத்துல வெட்டும். நின்னுட்டு எடுத்தா அஞ்சடி. கோடு கரெக்டா குதிரை கழுத்தை அறுத்துக்கிட்டுப் போகும். உக்காந்தா மூணடிக்குக் கீழ இறங்கிடும். வயித்துக்குப் பின்னாடி கடல், தலையும் காதும் ஆளும் வானத்துல. சாதாரண பீச் குதிரை ராஜா தேசிங்கு குதிரை ஆயிடும். ஜீன்ஸ் ஈரமாகும். ஆகட்டும்.

நம்மளுது கிழக்குக் கடற்கரைங்கறதையும் மறந்துடாதீங்க. காலையில சூரியன் கடல்ல இருந்து வருது, குதிரை கறுப்பு நிழலாத்தான் வரும். அது வேணும்னா சரி. ரோமத்தோட பளபளப்பு வேணும்னா சாயங்காலம் ஊர்ப் பக்கம் முதுகு காட்டி நில்லுங்க. மேக்கால இருந்து வெயில் நேரா குதிரை மேல விழும், பின்னாடி நீலக் கடல். மத்தியானம் டெலி லென்ஸைத் தூக்கிட்டுப் போகாதீங்க. சூடான மணல்ல காத்து நெளியும், 150 அடி தள்ளி இருக்கிற குதிரையும் சேர்ந்து நெளியும். எந்த லென்ஸாலயும் அதைச் சரி பண்ண முடியாது.

அப்புறம் காது. குதிரைப் படத்துல காதுதான் முகம். காது முன்னாடி நிமிர்ந்திருந்தா சுறுசுறுப்பு, பின்னாடி மடிஞ்சிருந்தா "என்னை விட்டுத் தொலைங்கடா." நாள் பூரா பிள்ளைங்களைச் சுமந்த குதிரைக்கு சாயங்காலம் காது தொங்கித்தான் இருக்கும். குதிரைக்காரர்கிட்ட சொன்னேன், சிரிச்சுக்கிட்டே போய் கொள்ளு டப்பாவை எடுத்து ரெண்டு தடவை குலுக்கினார். ரெண்டு காதும் அப்படியே திரும்பி எந்திரிச்சுச்சு பாருங்க! ஒரு காது டப்பா பக்கம், இன்னொண்ணு என் ஷட்டர் சத்தத்துப் பக்கம். ரெண்டாவது குலுக்கலுக்கு அதுவும் டப்பா பக்கம் போயிடுச்சு. (ஏமாத்தக் கூடாது, குலுக்கினா கொடுக்கணும்.) ஃபிளாஷ் மட்டும் போடவே போடாதீங்க. மேல குழந்தை இருக்கு.

எந்த நொடியில அமுக்குறதுங்கறது தனிப் பஞ்சாயத்து. 1878 வரைக்கும் குதிரை ஓடுறப்ப நாலு காலும் தரையை விட்டுக் கிளம்புதா இல்லையான்னே உலகத்துல அடிச்சுக்கிட்டிருந்தாங்க. எட்வர்ட் மைபிரிட்ஜ்னு ஒருத்தர் கலிஃபோர்னியாவுல 12 கேமராவை வரிசையா வெச்சு, பாதைக்குக் குறுக்கே நூல் கட்டி, சாலி கார்ட்னர்ங்கற குதிரையை ஓட விட்டுப் பிடிச்சார். நாலு காலும் அந்தரத்துல நிக்குது. ஆனா ஓவியர்கள் வரைஞ்ச மாதிரி முன்னாலயும் பின்னாலயும் நீட்டிக்கிட்டு இல்ல, வயித்துக்குக் கீழ மடங்கி இருக்குறப்ப. அந்த நொடி பார்க்க அவ்வளவு கம்பீரமா இருக்காது. அதனால பர்ஸ்ட்ல தொடர்ந்து எடுத்து, முன்னங்கால் நீட்டுற படத்தை நான் வெச்சுக்குவேன்.

நம்ம சிற்பிக்கு இந்தக் கவலையெல்லாம் இல்ல. சிதம்பரம் கோயில் நிருத்த சபையைப் பாருங்க, மண்டபத்தையே தேரா கட்டி கல்லுல சக்கரம் வெச்சு கல்லுக் குதிரை பூட்டியிருக்கான். எப்ப பார்த்தாலும் பாய்ஞ்சுக்கிட்டுதான் இருக்கு. உள்ள கேமரா கூடாது, கண்ணாலதான் எடுத்துக்கணும். அதுவும் நல்லதுக்குத்தான், ரெண்டு கண்ணும் சும்மா இருக்கட்டுமா?

தேருக்கு முன்னாடி பாயுற மரக்குதிரைங்களை எடுக்கணும்னா ஆனித் திருமஞ்சனத்துக்கோ மார்கழி ஆருத்ராவுக்கோ ரத வீதிக்குப் போங்க. அஞ்சு தேர் வரும். அங்க மட்டும் நான் இதுவரைக்கும் சொன்னதைத் தலைகீழா மாத்திக்கணும். ஜனத்துக்கு நடுவுல 40 அடி எங்க கிடைக்கும்? 18ஐப் போடுங்க, கீழ குனிஞ்சு மேல பார்த்து எடுங்க. மரக்குதிரைக்குத் தலை பெருசா வந்தா கோவம் வராது, ஒதைக்கவும் ஒதைக்காது. ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போறவங்களுக்கும் இதே சிக்கல்தான். கூட்டத்துல முழுக் குதிரைக்கு ஆசைப்படாம, 50ஐ வெச்சு பக்கவாட்டுல முகத்தை மட்டும் எடுத்துட்டு வாங்க.

ஒழுங்கான குதிரையேற்றம் பார்க்கணும்னா பாண்டிச்சேரி தாண்டி ஆரோவில் பக்கம் ரெட் எர்த் குதிரையேற்றப் பள்ளி இருக்கு. தடை தாண்டுற இடத்துல குதிரையைத் துரத்தாதீங்க. குறுக்குக் கம்பு மேல முன்கூட்டியே ஃபோகஸ் பண்ணி வெச்சுட்டு, கொஞ்சம் சாய்வா முன்பக்கம் நின்னு, முன்னங்கால் முட்டி ரெண்டும் மடங்குறப்ப அமுக்குங்க. 55-250 இங்கயும் தாராளம். குதிரை எங்க வரும்னு தெரியும், எப்ப வரும்னும் தெரியும், வெளிச்சமும் இருக்கும்.

பழசு வாங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையில ஒரு கடையில (பேர் வேணாம்) எனக்குக் காட்டின லென்ஸுக்குள்ள வெள்ளையா மெல்லிசு நூல் நூலா என்னமோ ஓடுச்சு. "தூசி மேடம், படத்துல தெரியாது"ன்னார். போன் டார்ச்சை பின்பக்கம் அடிச்சு முன்பக்கமா பார்த்தேன். தூசி எங்கயாவது கிளை விட்டு வளருமா? ஃபங்கஸ். நம்ம ஊர் உப்புக் காத்துக்கும் ஈரத்துக்கும் அது இன்னும் குஷியா வளரும். லென்ஸை பீரோவுல துணிக்கு நடுவுல வெக்காதீங்க. இறுக்கி மூடுற பிளாஸ்டிக் டப்பா, உள்ள நிறம் மாறுற சிலிக்கா ஜெல், நிறம் மாறினா மாத்திடணும். பீச்சுல இருந்து வந்ததும் முதல்ல ஊதி மணலைப் போக்கிட்டு அப்புறம்தான் துணி. நேரா துணி போட்டுத் தேய்ச்சா உப்புத்தாள் போட்டதுக்கு சமம்.

இதெல்லாம் மண்டையில ஏறலைன்னா திருவந்திபுரம் மலை ஏறி ஹயக்ரீவரைக் கும்பிட்டுக்கோங்க. குதிரை முகம், படிப்புக்கு அதிபதி. ரெண்டு வகையிலயும் நமக்கு வேண்டியவர்.

நான் என்ன வெச்சுக்கிட்டேன்னு கேக்குறீங்களா? 55-250ஐயும் 50ஐயும்தான். வெள்ளை லென்ஸுக்கு ஆகுற காசுல குதிரையே வாங்கிடலாம் போலிருக்குன்னு குதிரைக்காரர்கிட்ட சொன்னேன். "வாங்கலாம்க்கா, தீனி யாரு போடுவா?"ன்னார்.

எடுத்ததுல நல்ல படங்களாப் பொறுக்கி அவர்கிட்ட காட்டினேன். அலையோரம் பாயுறது, தண்ணி தெறிக்குறது, வானத்துல தலை நிமிர்ந்து நிக்குறது, எல்லாத்தையும் "ம்", "ம்"னு தள்ளிட்டே போனார். கடைசியில, "யாரும் ஏறாம, நேரா நிக்க வெச்சு, பக்கவாட்டுல ஒண்ணு எடுங்கக்கா. நாலு காலும் தனித்தனியா தெரியணும். நாளைக்கு விக்கணும்னா அதைத்தான் கேப்பான்"ன்னார். நியாயம்தானே? வாங்குறவன் கால், முட்டி, குளம்பு, முதுகுதானே பார்ப்பான். 50ஐப் போட்டு, மணல்ல உக்காந்து, முப்பதடியில எடுத்துக் கொடுத்தேன். கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா அவரும் நின்னார்.

இப்ப அதுதான் அவர் வாட்ஸப் டிபி. குதிரையை வெட்டிட்டு அவர் மூஞ்சியை மட்டும் வெச்சிருக்கார்.